மண்பாண்டத்தில் ஒரு பொக்கிஷம்: ஜார்ஸ் ஆஃப் கிளேயின் முதல் ஆல்பத்தை மறுபடி கேட்பவர்களுக்கான கேள்வி பதில்

1995 மே மாதம் வெளிவந்தது ஜார்ஸ் ஆஃப் கிளே என்ற கிறிஸ்தவ ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் முதல் ஆல்பம். அதற்கும் குழுவின் பெயர்தான். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதைக் கேசட்டாகவோ சிடியாகவோ பெட்டிக்குள் வைத்திருந்து, இப்போது தூசி தட்டி எடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பாதிக் கேள்விகள் பாட்டைப் பற்றியவை, மீதி கருவியைப் பற்றியவை. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இதன் அழகு மெல்லிய அடுக்குகளில் இருக்கிறது. கருவி சரியில்லை என்றால் முதலில் காணாமல் போவது அந்த அடுக்குகள்தான்.

ஏனுங்க, யாருங்க இந்தக் குழு? பேருக்கு என்ன அர்த்தமுங்க?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கிரீன்வில் கல்லூரியில் படித்த மாணவர்கள் சேர்ந்து அமைத்த குழு. டேன் ஹேசல்டைன் பாடுவார், சார்லி லோவல் கீபோர்டு வாசிப்பார், ஸ்டீபன் மேசனும் மேட் ஓட்மார்க்கும் கிட்டார். தொடக்கத்தில் இருந்த மேட் பிரான்லீவி விலகிய பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஓட்மார்க். நிரந்தர டிரம்ஸ்காரர் என்று யாரும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வாசிக்கும் பகுதியில் உதவும்.

பெயர் 2 கொரிந்தியர் 4:7-லிருந்து வந்தது. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்று நம் வேதாகமத்தில் வரும் வசனம். அந்த மண்பாண்டம்தான் ஜார்ஸ் ஆஃப் கிளே.

இதிலிருந்த "ஃபிளட்" பாட்டு கிறிஸ்தவ வானொலியைத் தாண்டிப் பொது வானொலிகளிலும் ஓடி, 1996-ல் பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் 37-ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டையும் முதல் பாட்டான "லிக்விட்"டையும் தயாரித்தவர் கிங் கிரிம்சன் குழுவின் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் பெலூ. மற்றவற்றைக் குழுவே தயாரித்துக்கொண்டது.

கேசட், சிடி, போன் ஆப் மூணும் இருக்குதுங்க. எதுல கேக்கலாம்?

அச்சடித்த மூல சிடி இருந்தால் அதிலேயே கேளுங்கள். ஆப்பில் கேட்பதானால் ஒலித்தரத்தை "உயர்" நிலைக்கு மாற்றி, "ஷஃபிள்" பொத்தானை அணைத்துவிடுங்கள். பத்துப் பாட்டும் வரிசையாகக் கேட்க வேண்டியவை. சத்த அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். அது வேலை செய்யும் விதத்தைப் பொறுத்து, மெதுவான பாட்டுக்கும் வேகமான பாட்டுக்கும் நடுவே உள்ள ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடக்கூடும்.

கேசட்டை ஞாபகத்துக்காகக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் முதல் முறையே அதில் கேட்டுவிட்டு "பாட்டு மங்கிப்போச்சு" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். மங்கியது பெரும்பாலும் டெக்கின் (கேசட் பிளேயரின்) தலை, அதாவது நாடாவைப் படிக்கும் பகுதிதான்.

சிடி நடுவுல நடுவுல குதிக்குதுங்க. தொடைச்சும் சரியாகல.

எப்படித் துடைத்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்துவிடும். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை காணாமல் போனதை ஈடுகட்டிவிடும். குறுக்கே ஓடும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் துளி இடத்தைத்தான் கெடுக்கும் என்பதால் தப்பித்துக்கொள்ளும். தடத்தோடு ஓடும் கீறலோ அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள்.

துணி முக்கியம். நம்ம ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது பனியன் வேஸ்ட். அது வேண்டாம், தையல் மிஷின் எண்ணெயும் பொடி மண்ணும் அதில் ஒட்டியிருக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணி நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பாலிஷ் எடுக்கும் திரவம் எதுவும் ஆகாது. சிடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெளுத்து வெடித்துவிடும்.

அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் மோசமானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் எழுத்து அச்சடித்த பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. சிடியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனதுதான், பாலிஷ் போட்டாலும் வராது. எல்லா சிடியும் குதித்தால் பழுது சிடியில் இல்லை. பிளேயரின் லென்ஸில் தூசி.

என்ர கிட்ட இருக்கறது மூல சிடியா, காப்பி போட்டதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்து, நடுத்துளையைச் சுற்றி எண்களும் எழுத்துகளும் பொறித்திருந்தால் அச்சடித்த சிடி. பச்சை, நீலம், ஊதாச் சாயல் அடித்தால் எழுதும் சிடி. அதிலுள்ள சாயம் வெயிலில் கெடும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்ததென்றால் நம்ப வேண்டாம், ஓடும்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

காப்பியிலும் இரண்டு வகை. மூல சிடியிலிருந்து நேராக எடுத்தது ஒன்று. எம்.பி.3 கோப்புகளை மறுபடி ஆடியோ சிடியாக எழுதியது இன்னொன்று. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, எந்த உயரத்து ஒலிகள் இருக்கின்றன என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்தது போல வெறுமையாக இருந்தால், அது 128 கிலோபிட் எம்.பி.3-லிருந்து வந்ததாகத்தான் இருக்கும். "லிக்விட்" பாட்டின் தொடக்கத்தில் வரும் துறவிகளின் லத்தீன் பாட்டு இதில் தண்ணீர் சலசலப்பது போலக் கேட்கும். அதைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று ஆல்பத்தைக் கைவிட்டுவிட வேண்டாம்.

பல வருசமா ஓட்டாத கேசட்டுங்க. அப்படியே போட்டுடலாமுங்களா?

வேண்டாம். அவசரப்பட்டால் இழப்பது கேசட்டைத்தான்.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொட்டோ சாம்பல் தூளோ தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். வால்பாறை, நீலகிரிப் பக்கம் இருந்து வந்த கேசட்டுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கரூர், ஈரோடு வெயிலில் இருந்தவற்றில் பூஞ்சை குறைவு. அங்கே பிரச்சினை பசை உலர்ந்து பிரஷர் பேட் விழுந்துவிடுவது. கேசட்டின் திறந்த விளிம்பில் நடுவே நாடாவுக்குப் பின்னால் தெரியும் சின்னப் பஞ்சுத் துண்டுதான் பிரஷர் பேட். அது இல்லையென்றால் நாடா தலையில் சரியாகப் பதியாது; சத்தம் ஏறி இறங்கும், பளிச்சென்ற ஒலி போய்விடும்.

பேட் விழுந்திருந்தால், ஐந்து திருகாணி போட்ட வேண்டாத கேசட் ஒன்றை எடுங்கள். படுக்கவைத்துத் திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். உங்கள் கேசட்டின் இரண்டு சுருளையும் நாடா முறுக்காமல் அப்படியே புதுக்கூட்டுக்கு மாற்றுங்கள். சுருளுக்கு மேலும் கீழும் உள்ள வழவழப்பான தாள்களை மறந்துவிட்டால் நாடா உரசிக் கத்தும். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரத்து இணைப்பில் மெல்லிய பிளேடை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். கூடு உடைந்தால் பரவாயில்லை, நாடாவில் பிளேடு படக்கூடாது.

அடுத்தது டெக். 99% ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தலையையும் நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் கம்பியையும் பழுப்பு நிறம் வராத வரை துடையுங்கள். அந்தக் கம்பியோடு நாடாவை அழுத்தும் ரப்பர் பிஞ்ச் ரோலருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் இறுகிவிடும். ஐந்து நிமிடம் உலரவிட்டு, போனாலும் கவலையில்லாத வேறொரு கேசட்டை முதலில் ஓட்டுங்கள். அது பத்து நிமிடம் ஒழுங்காக ஓடினால் பிறகு உங்களுடையதைப் போட்டு, ஒரு தடவை முழுக்க முன்னால் சுற்றி, முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டுக் கேளுங்கள். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் இதனால் சீராகும்.

டெக்கு நாடாவைச் சுருட்டி முழுங்குதுங்க.

நாடாவை இழுத்து விடும் ரோலர் வேலை செய்கிறது, சுற்றி எடுக்கும் சுருள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தளர்ந்த பெல்ட்தான் பெரும்பாலும் காரணம். பிசுபிசுத்த பிஞ்ச் ரோலரும் நாடாவை ஒட்டி இழுத்துக்கொள்ளும். பழைய பெல்ட் தார் மாதிரி உருகியிருந்தால் புல்லியை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்த பிறகே புதுசு மாட்டுங்கள். அளவுக்கு, பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 முதல் 8 சதவீதம் குறைத்து வாங்குங்கள். ரொம்ப இறுக்கமாக வாங்கினால் மோட்டார் திணறிச் சுருதி ஆடும்.

ஓடுதுங்க, ஆனா கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குதுங்க.

தலையின் சாய்வு மாறியிருக்கிறது. தலைக்கு ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகாணி இருக்கும். முதலில் அதன் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் மோனோவில் வைத்து, கிட்டார் அதிகம் வரும் பாட்டை ஓடவிட்டு, எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். கம்பியில் நகம் படும் சத்தம் எந்த இடத்தில் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை இதற்கு முன்பே அணைத்திருக்க வேண்டும். சாய்வு தவறிய தலையில் டால்பியும் சேர்ந்தால் மங்கல் இரட்டிப்பாகும். சரிசெய்த பிறகு, கேசட்டில் டால்பிக் குறி இருந்தால் மட்டும் போடுங்கள்.

வேகத்தைக் கிட்டார் டியூனர் ஆப்பை வைத்தே பார்த்துவிடலாம். அதே பாட்டைச் சிடியிலும் கேசட்டிலும் ஓடவிட்டு ஒரே ஸ்வரத்தை ஒப்பிடுங்கள். ஒரு சதவீத வேக வித்தியாசம் 17 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) காட்டும். ஆறு சதவீதம் என்றால் அரை ஸ்வரமே மாறிவிடும். மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் வேகத் திருகு இருக்கும் டெக்குகளில் பிளாஸ்டிக் ஸ்குரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பினால் போதும்.

கேசட்டைக் கணினியில ஏத்தறப்ப ஒரே பக்கச் சத்தம்தான் வருதுங்க.

லேப்டாப்பின் மைக் துளையில் சொருகியிருப்பீர்கள். அது பெரும்பாலும் மோனோ. குரலும் ஒரு கிட்டாரும் கேட்கும், இன்னொரு கிட்டார் காணாமல் போயிருக்கும். இரண்டு சேனல் லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வேண்டும். டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து அதற்கு ஒயர் கொடுங்கள். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். "ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.

இரைச்சல் நீக்கும் வசதியைக் கை நடுங்கித்தான் தொட வேண்டும். நாடாவின் "ஸ்" சத்தத்தோடு வயலின்களுக்குப் பின்னால் இருக்கும் அறையின் காற்றையும் அது தின்றுவிடும். கொஞ்சம் "ஸ்" இருந்துவிட்டுப் போகட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 எம்.பி. பிடிக்கும், 24 பிட்டானால் 15-க்கு மேல். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ பாதி ஆகும்.

வீட்டுக்குப் பக்கத்துலயே தறிக்கொட்டாய்ங்க. எப்படி நிம்மதியாக் கேக்கறது?

சோமனூர், பல்லடம் பக்கத்தில் இது உண்மையான சிக்கல். இரைச்சலை அணைக்கும் மின்னணு ஹெட்போன், ஒரே சீராக ஓடும் மின்விசிறி, மோட்டார் போன்ற தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும். விசைத்தறியின் "டக் டக்" அடி திடீர் திடீரென்று விழுவது. அதற்குக் காதை அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்போன்தான் மேல். மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள். சரியான அளவு என்றால் பேஸ் உடனே கனக்கும். தறிச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவது காதுக்குக் கேடு.

ஸ்பீக்கரில் கேட்பதானால் அறையைக் கவனியுங்கள். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் அறையில் ஒரு தடவை கை தட்டுங்கள்; "ட்ர்ர்" என்று திரும்பி வந்தால் பாட்டும் அப்படித்தான் வரும். தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். ஒற்றையாக விரித்தால் உச்ச ஒலியை மட்டும் குறைக்கும், அதோடு சரி. எதிர்ச் சுவரின் மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டுக்கும் நடுவே ஐந்தடி விட்டு, நீங்களும் ஐந்தடி தள்ளி உட்காருங்கள்.

இத்தனை வருசம் கழிச்சு எதைக் கவனிச்சுக் கேக்கணுமுங்க?

முதலில் தாளம். டிரம்ஸ்காரர் இல்லாத குழு என்பதால் பல இடங்களில் கணினியில் கோத்த தாளச் சுழல் ஓடுகிறது. அதன் மேல் அக்கூஸ்டிக் கிட்டார், அதன் மேல் வயலின், செலோ. இரும்புச் சட்டத்தில் பூக்கொடி படர்ந்த மாதிரி. "லிக்விட்" சிலுவைக் காட்சியைப் பாடுகிறது. துறவிகளின் பாட்டும் இயந்திரத் தாளமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1995-ல் ஆலயப் பாட்டுக்கு இப்படி ஒரு தொடக்கம் வைக்கத் துணிவு வேண்டும்.

"ஃபிளட்" வானொலிப் பாட்டு என்பதால் பலரும் அதன் வேகத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நோவா காலத்து மழையையும் நாற்பது நாளையும் ஒருவனின் மனச்சோர்வாக மாற்றிப் பாடுகிறது அது. நடுவில் வேகம் அடங்கி, தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சும் இடம்தான் பாட்டின் உயிர். அதைக் கேட்காமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது.

"ஹீ" பாட்டுக்குத் தயாராக இருங்கள். பெற்றோரிடம் அடிபடும் குழந்தையின் குரல் அது. சிறுவயதில் மெட்டை மட்டும் முணுமுணுத்தவர்கள் இப்போது தகப்பனாகவோ தாயாகவோ கேட்கும்போது நெஞ்சில் வேறு விதமாக இறங்கும். "வேர்ல்ட்ஸ் அபார்ட்" மெதுவாகத் தொடங்கி, முடிவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். எங்கள் கணிப்பில் ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு இதுவே. ஹெட்போனில் கேட்டால் அந்தக் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கலாம்.

எங்க சபை வாலிபர் கூடுகையில வாசிக்கலாமுங்களா? டிரம்ஸ் இல்லீங்க.

டிரம்ஸ் இல்லாததே நல்லது. கையால் தட்டி வாசிக்கும் கஹோன் பெட்டி ஒன்று போதும். இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார் இருந்தால் இரண்டும் ஒரே கார்டை ஒரே இடத்தில் வாசிக்காதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒருவர் ஜி வடிவத்தில் அடித்தால், இன்னொருவர் ஐந்தாம் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் விரலால் மீட்டட்டும். சுருதி ஒன்றேதான், ஒலி மட்டும் மேலேறி விரியும். உயரக் கூரை போட்ட பழைய ஆலயங்களில் எதிரொலி நீளம் என்பதால் வேகமான அடி குழம்பும். அங்கே அடியைப் பாதியாகக் குறையுங்கள்.

வயலினுக்குக் கர்நாடக முறையில் படித்தவர்களையே அழைக்கலாம். அவர்கள் தந்தி ச-ப-ச-ப என்று சேர்ந்திருக்கும். ஜி, டி, ஏ, இ என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது சுருதியைச் சொல்லி ஸ்வரமாக எழுதிக் கொடுங்கள். ஜி மேஜர் என்றால் 5 கட்டை சங்கராபரணம். இ மைனர் என்றால் 3 கட்டை நடபைரவி. நீண்ட ஸ்வரங்களைக் கமகம் இல்லாமல் நேராகப் பிடிக்கச் சொல்வது ஒன்றுதான் பழக நாள் பிடிக்கும்.

ஆராதனையில் பாடுவதற்கு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றுவதும், தமிழ்ச் சொல் போட்டு வெளியிடுவதும் வேறு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டில் மாற்றிய ஃப்ளாக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் அப்படியே.

இதுக்கு அப்புறம் எதைக் கேக்கலாமுங்க?

1997-ல் வந்த "மச் அஃப்ரெய்ட்". இன்னும் மெதுவானது, இன்னும் தனிமையானது. கிராமி விருது பெற்றது. ஞானப்பாட்டுப் பிரியர்கள் 2005-ன் "ரெடம்ப்ஷன் சாங்ஸ்" ஆல்பத்துக்கு நேராகப் போகலாம், பழைய கீர்த்தனங்கள் புது உருவில் இருக்கின்றன.

கடைசிப் பாட்டு முடிஞ்சும் சிடி ஓடிட்டே இருக்குதுங்க. பழுதுங்களா?

பழுதில்லை, நிறுத்திவிடாதீர்கள். மூல சிடியில் பத்தாவதான "பிளைண்ட்" முடிந்த பிறகு, அட்டையில் எழுதாத இன்னொரு பாட்டு வரும். அதன் பெயர் "ஃபோர் செவன்", அதாவது 4:7, குழுவுக்குப் பெயர் தந்த அதே வசன எண். அதற்கும் பிறகு, வயலின் கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்கும் பதிவு நெடுநேரம் ஓடும். கணினியில் ஏற்றும்போது பத்தாவது கோப்பு மட்டும் பெரிதாக இருப்பது இதனால்தான். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வாலை வெட்டிவிட வேண்டாம். ஆடாசிட்டியில் மௌனம் வரும் இடங்களில் லேபிள் வைத்து மூன்று கோப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆப்களில் பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பகுதி மாறுபடும் என்பதால் பத்தாவது பாட்டின் நீளத்தை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. நாலு நிமிடம் மட்டும் காட்டினால் உங்கள் சிடியையே எடுங்கள்.